ஸ்காட்லாந்து கிராமத்துப் போதகருக்கு மீதி ஆறு நாள் என்ன வேலை?

ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: “ஸ்காட்லாந்தில் கிராமத்துப் பிரெஸ்பிட்டேரியன் போதகருக்குப் பெரிய கல்வீடு, சம்பளம், நிலம் எல்லாம் கொடுப்பார்களாமே. ஞாயிறு ஒரு மணி நேர ஆராதனை போக மீதி ஆறு நாள் அவருக்கு என்ன வேலை? சபையில் அவர் வைத்ததுதானே சட்டம்?”

ஒரு கேள்விபோலத் தெரிந்தாலும் இதற்குள் இரண்டு இருக்கின்றன. ஒன்று நேரத்தைப் பற்றியது, மற்றது அதிகாரத்தைப் பற்றியது. அதிகாரத்தை முதலில் பார்த்துவிடலாம். அது பிடிபடாவிட்டால் அவருடைய நாள்கணக்கும் பிடிபடாது. சபைச் சட்டமும் பழைய சபைப் பதிவேடுகளும் என் படிப்பு என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கீழே வருவது பெரும்பாலும் சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தும். அந்நாட்டில் வேறு பிரெஸ்பிட்டேரியன் சபைகளும் உண்டு. நடைமுறை மாறுகிற இடத்தில் அதைத் தனியாகச் சொல்கிறேன்.

தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யில் ஆயரைப் ‘பிரஸ்பிட்டர்’ என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். அந்தக் கிரேக்கச் சொல்லை நம் வேதாகமம் ‘மூப்பர்’ என்று மொழிபெயர்த்திருக்கிறது. ஆகப் பிரெஸ்பிட்டேரியன் சபை என்றால் மூப்பர்கள் கூடி நடத்தும் சபை. பேராயர் என்ற பதவியே அங்கு கிடையாது. 1 தீமோத்தேயு 5:17, விசாரணை செய்கிற மூப்பர்களையும் அவர்களுக்குள் வசனத்திலும் உபதேசத்திலும் பிரயாசப்படுகிறவர்களையும் குறிப்பிடுகிறது அல்லவா? அதை வைத்துத்தான் ஆளும் மூப்பர், போதிக்கும் மூப்பர் என்று இரண்டு வகை சொல்வார்கள். போதகர் இரண்டாவது வகை. அவரும் ஊர் மூப்பர்களும் சேர்ந்து உட்காரும் மன்றத்துக்குக் ‘கிர்க் செஷன்’ என்று பெயர். ‘கிர்க்’ என்பது ஸ்காட்லாந்துப் பேச்சில் கோயிலுக்கும் சபைக்கும் பொதுவான சொல். சென்னை எழும்பூரில் 1821இல் திறந்த ஆண்ட்ரூஸ் கிர்க்கின் பெயரில் இருப்பதும் இதே சொல்தான்.

அந்த செஷன் கூட்டத்துக்குத் தலைவர், அவர்கள் பேச்சில் ‘மாடரேட்டர்’, பெரும்பாலும் போதகர்தான். ஆனால் ஒரு விஷயத்தை வாக்குக்கு விட்டால் தலைவருக்கு ஓட்டு இல்லை. இரு பக்கமும் சரிசமமாக நின்றால் மட்டும் அவர் ஒரு ஓட்டுப் போட்டு முடித்துவைக்கலாம். நிகழ்ச்சிப் பதிவேடு செஷன் கிளார்க் கையிலும், பணம் பொருளாளர் கையிலும் இருக்கும். மறுபக்கம், ஆராதனை முழுக்கப் போதகர் பொறுப்பு: எந்தப் பாட்டு, எந்த வேதபாகம், என்ன பிரசங்கம் என்பதில் மூப்பர்கள் யோசனை சொல்லலாம், உத்தரவு போட முடியாது. போதகர் மீது குறை இருந்தால் செஷன் அவரை விசாரிக்கவோ நீக்கவோ முடியாது. அதற்கு மேலே உள்ள ‘பிரெஸ்பிட்டரி’தான் கேட்க வேண்டும். அது வட்டாரத்துப் போதகர்களும் மூப்பர்களும் சேர்ந்த மன்றம். எல்லாவற்றுக்கும் மேலே ஆண்டுதோறும் மே மாதம் எடின்பரோவில் கூடும் பொதுப் பேரவை. அதன் தலைவர் பதவிகூட ஒரே ஆண்டுக்குத்தான். ஆகவே ‘வைத்ததுதான் சட்டம்’ என்று இருக்க நினைக்கும் போதகர் அங்கே சீக்கிரமே முட்டுச்சந்தில் போய் நிற்பார். மூப்பர்கள் வாழ்நாள் முழுக்க அதே ஊர்க்காரர்கள், இவரோ பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போகிறவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அவர் அந்த ஊருக்கு வந்து சேர்கிற விதமும் நமக்குப் பழக்கமில்லாதது. மேலிடத்திலிருந்து மாற்றல் உத்தரவு வராது. போதகர் இல்லாத சபைக்குப் பிரெஸ்பிட்டரி முதலில் ஓர் இடைக்கால மாடரேட்டரை நியமிக்கும். காலியாகும் இடத்துக்கு அவரே போட்டியிட முடியாது. சபையார் கூடி அதிகபட்சம் பதின்மூன்று பேர் கொண்ட நியமனக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். குழுவினர் விண்ணப்பங்களைப் பார்த்துவிட்டு, ஒருவரைப் பிடித்திருந்தால் அவர் பிரசங்கம் செய்யும் கோயிலுக்கே போய்க் கேட்பார்கள். அதில் ஒரு தந்திரம் உண்டு. தனித்தனிக் காரில் போவார்கள், வேறு வேறு வாசல் வழியாக நுழைவார்கள், சேர்ந்து உட்கார மாட்டார்கள். நாற்பது பேர் வரும் கோயிலில் புதுமுகங்கள் ஏழெட்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் “நம் ஐயாவைக் கொத்திக்கொண்டு போக வந்துவிட்டார்கள்” என்று அந்த ஊருக்குத் தெரிந்துவிடும். இப்போது இணையத்தில் ஆராதனை வருவதால் இந்த நாடகம் குறைந்திருக்கிறது.

குழு கடைசியில் ஒரே ஒருவரைத்தான் சபைமுன் நிறுத்தும். அவர் வந்து ஆராதனை நடத்துவார். முடிந்ததும் ‘வேண்டும், வேண்டாம்’ என்று ரகசிய வாக்கெடுப்பு. இரண்டு மூன்று பேரைப் போட்டிப் பிரசங்கம் செய்யவைத்தால் தோற்றவர் கட்சி என்று ஒன்று ஊரில் மிஞ்சிவிடும். அதனால்தான் இந்த ஏற்பாடு. சட்டப்படி ஒரு ஓட்டு வித்தியாசம் போதும். ஆனால் பாதிப் பேர் வேண்டாம் என்று சொன்ன ஊருக்கு வருவதா என்று யோசித்து, விவரமுள்ளவர் விலகிக்கொள்வார். வாக்கெடுப்பு சாதகமானால் ‘அழைப்பு’ என்ற ஒரு பத்திரத்தைக் கோயிலில் வைத்து, உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து கையெழுத்திடுவார்கள். பிறகு நம் ஊரில் கல்யாண ஓலை வாசிப்பதுபோல, இவருடைய நடத்தையிலோ உபதேசத்திலோ ஆட்சேபம் உள்ளவர்கள் இன்ன நாளில் வந்து சொல்லலாம் என்று கோயிலில் வாசிப்பார்கள். பிரெஸ்பிட்டரி வந்து பதவியில் அமர்த்திய பிறகே அவர் அந்த ஊர்ப் போதகர்.

இத்தனை சடங்குக்குப் பின்னால் ஒரு பெரிய காயம் இருக்கிறது. 1712 முதல் போதகரை நியமிக்கும் உரிமை பல ஊர்களில் நிலச்சுவான்தாரிடமோ அரசிடமோ இருந்தது. ஊர் ஏற்காத ஆளைத் திணிக்க உள்ளூர்ப் பிரெஸ்பிட்டரி தயங்கினால், பதினெட்டாம் நூற்றாண்டில் வெளியூரிலிருந்து போதகர்களைக் குதிரையில் அனுப்பி அந்தச் சடங்கை முடித்தார்கள். அதற்கு ‘சவாரிக் கமிட்டி’ என்றே பெயர் விழுந்தது. முடிவில் 1843 மே 18 அன்று எடின்பரோவில் பொதுப் பேரவையிலிருந்து ஒரு கூட்டம் வெளிநடப்புச் செய்து, தாமஸ் சாமர்ஸ் தலைமையில் ஃப்ரீ சர்ச் என்று தனியாகக் கூடியது. சுமார் 1,200 போதகர்களில் 470க்கும் மேற்பட்டவர்கள் வேலையையும் வீட்டையும் உதறிவிட்டுப் போனார்கள். கோயில் கட்ட இடம்கூடக் கொடுக்க மறுத்தார்கள் சில ஜமீன்கள். மேற்குக் கரையில் ஸ்ட்ரான்ஷியன் என்ற ஊரார் 1846இல் இரும்புக் கப்பல்போல ஒரு மிதக்கும் கோயிலைச் செய்யச் சொல்லி, சூனார்ட் என்ற கடற்கழியில் நங்கூரம் போட்டு நிறுத்தி, படகில் போய் ஆராதித்தார்கள். அது வரலாறு. நூறு பேர் ஏறினால் கப்பல் ஓர் அங்குலம் தாழும், அதை வைத்தே பிரசங்கியார் எவ்வளவு பிரபலம் என்று கரையில் நின்றவர்கள் கணக்குப் போட்டார்கள் என்பதை மட்டும் ஊர்க்கதையாக எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பள்ளி நடத்திக்கொண்டிருந்த ஜான் ஆண்டர்சனும் அவரோடு இருந்தவர்களும் அப்போது ஃப்ரீ சர்ச் பக்கம் போனார்கள். 1837இல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் பின்னால் சென்னைக் கிறித்துவக் கல்லூரி ஆனது. அந்த நியமன உரிமை 1874இல் ஒழிந்தது. பிரிந்தவர்களில் பெரும்பகுதியினர் 1929இல் திரும்ப ஒன்றானார்கள்.

இனி வீடு, நிலம், சம்பளம். நம் ஊர்க் குருமனைபோல அங்கே ‘மான்ஸ்’. பழைய மான்ஸ்கள் பார்க்க ஜமீன் பங்களா மாதிரி இருக்கும்: இரண்டு மாடி, உயரமான அறைகள், தடித்த கல்சுவர். அங்கே குளிர்காலம் கழித்தவர்கள் யாரும் அதைப் பார்த்துப் பொறாமைப்பட மாட்டார்கள். உயர்ந்த கூரை சூட்டையெல்லாம் விழுங்கிவிடும். அந்தக் கல்சுவர்களில் ஈரம் ஏறும். ஆள் குறைந்த வீட்டில் இரண்டு அறையை மட்டும் சூடாக்கிக்கொண்டு மற்றவற்றைப் பூட்டி வைப்பார்கள். பூட்டிய அறையில் பூஞ்சை பிடிக்கும். பழுது பார்ப்பது சபையின் கடமை. சுவருக்கு வேறு வண்ணம் அடிப்பதுகூடக் கட்டடக் குழுவோடு பேசிச் செய்ய வேண்டிய காரியம். ஆண்டுக்கொருமுறை குழுவினர் வந்து அறை அறையாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு போவார்கள். சொந்த வீட்டில் இருப்பவர் அனுபவிக்காத கூச்சம் அது.

நிலத்துக்கு ‘கிளீப்’ என்று பெயர். பழைய சட்டப்படி நான்கு ஏக்கர் உழவு நிலமும், ஒரு குதிரைக்கும் இரண்டு மாட்டுக்கும் போதுமான புல்தரையும் போதகருக்கு உண்டு. குதிரையில் ஏறித்தான் வீடு சந்திக்க முடியும் என்ற காலத்து ஏற்பாடு. இன்று நிலம் மைய அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது. பெரும்பாலும் பக்கத்து விவசாயி குத்தகைக்கு எடுத்து ஆடு மேய்ப்பார். அந்தக் காசு போதகர் பைக்கு நேராகப் போகாது.

சம்பளத்தின் பழைய கணக்கு சுவாரஸ்யமானது. அதை ‘சால்டர்’ என்ற தானிய அளவில் எழுதினார்கள். பதினாறு ‘போல்’ சேர்ந்தது ஒரு சால்டர். ஒரு போதகருக்கு இவ்வளவு ஓட்ஸ் மாவு, இவ்வளவு வாற்கோதுமை என்று முடிவாகியிருக்கும். கொடுக்க வேண்டியவர்கள் நிலச்சுவான்தார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஷெரிஃப் என்ற நீதிபதி ஒரு ஜூரியை வைத்து முந்தைய அறுவடையின் விலையை ஆண்டுதோறும் நிர்ணயிப்பார். அந்த விலையில் தானியத்தைப் பணமாக்கிக் கொடுப்பார்கள். விளைவு என்னவென்றால், விளைச்சல் பொய்த்து விலை ஏறிய வருஷத்தில் போதகர் வருமானம் கூடும், கூலிக்காரர் வீட்டில் அடுப்பு அணையும். அதே போதகர்தான் அந்த வருஷம் ஏழைகள் நிதியைப் பங்கிட்டுக் கொடுக்கவும் வேண்டும். ஊரார் மனக்கசப்புக்கு இதைவிட நல்ல உரம் கிடைக்காது. பல ஊர்களில் சம்பளம் மிகக் குறைவாக இருந்ததால் 1810இல் அரசு பணம் போட்டு ஆண்டுக்கு 150 பவுண்டு வரை உயர்த்தியது. 1925 சட்டம் இந்தத் தானியக் கணக்கை நிலையான தொகையாக்கி முடித்துவைத்தது. இப்போது சபைகள் மைய நிதிக்குக் காணிக்கையில் பங்கு கட்டுகின்றன. மையத்திலிருந்து ஒரே அளவுகோலில் சம்பளம் வருகிறது. எழுநூறு பேர் உள்ள நகரச் சபைக்கும் அறுபது பேர் உள்ள தீவுச் சபைக்கும் அடிப்படைச் சம்பளம் ஒன்றே. இது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. காணிக்கைத் தட்டைப் பார்த்துப் பிரசங்கம் மாறாது.

இனி அந்த ஆறு நாள். சபை தன்னைப் பற்றிச் செய்துகொண்ட அறிவிப்பு ஒன்று 1921 சட்டத்தோடு இணைந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஒவ்வொரு பங்கு (ஒரு சபைக்கு உரிய ஊர் எல்லை) மக்களுக்கும் ஊழியம் செய்வது தன் கடமை என்று அது சொல்கிறது. அதாவது போதகர் சந்தா கட்டும் உறுப்பினருக்கு மட்டும் போதகர் இல்லை. எல்லைக்குள் இருக்கும் எல்லோருக்கும்தான். கோயில் வாசலை மிதிக்காதவர் வீட்டில் சாவு விழுந்தாலும் அடக்கம் கேட்டால் போக வேண்டும், அதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது. கிராமத்தில் இதுதான் அவர் வாரத்தைத் தலைகீழாக்கும் வேலை. பிரசங்கத்துக்கு ஒன்றரை நாள் என்று திட்டமிட்டு திங்கட்கிழமை உட்காருவார். மதியம் அடக்கச் சேவைக்காரரிடமிருந்து போன் வரும்.

அடக்கத்தைக் கொஞ்சம் கிட்டத்திலிருந்து பார்க்கலாம், ஏனென்றால் ஒரு போதகரை ஊர் எடைபோடுவது அங்கேதான். முதலில் இறந்தவர் வீட்டுக்குப் போய் ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்க வேண்டும். பதிவில் உள்ள பெயர் ஒன்றாக இருக்கும், ஊர் கூப்பிட்ட பெயர் வேறாக இருக்கும். பண்ணைக்காரர்களைப் பண்ணையின் பெயராலேயே கூப்பிடுவது அங்கே வழக்கம். பெயரைத் தப்பாக உச்சரித்தால் இருபது வருஷம் கழித்தும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். கல்லறையில் பெட்டியை இறக்குவது கூலியாட்கள் இல்லை, குடும்பத்தாரும் நண்பர்களும்தான். பெட்டியைச் சுற்றி எட்டுக் கயிறுகள். யாருக்கு எந்தக் கயிறு என்று எண் போட்ட சின்ன அட்டையை முன்னதாகவே கொடுத்துவிடுவார்கள். தலைமாட்டில் உள்ள முதல் கயிறு மிக நெருங்கிய உறவுக்கு, பெரும்பாலும் மூத்த பிள்ளைக்கு. எண்ணைச் சொல்லிக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து பிடித்து, எல்லோரும் ஒரே வேகத்தில் கயிற்றைத் தளர்த்துவார்கள். இந்த எண் வரிசையில் ஒரு தம்பியையோ மருமகனையோ விட்டுவிட்டால் குடும்பத்தில் பிளவு விழும். அதனால் அனுபவமுள்ள போதகர் முதல் நாளே “அட்டை எல்லோருக்கும் போய்விட்டதா” என்று கேட்டு வைப்பார். கடற்காற்றில் புத்தகத் தாள் நிற்காது. மழையில் எழுத்து கரையும். அடக்க வாசகங்களை மனப்பாடமாக வைத்திருப்பது அங்கே பக்திக்காக மட்டும் இல்லை.

கல்யாணத்தில் சட்டச் சிக்கல்தான் அதிகம். மணமக்கள் தனித்தனிப் படிவத்தைப் பதிவாளரிடம் கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னிருந்து கொடுக்கலாம். கடைசி எல்லை 29 நாள். பிறகு பதிவாளர் ‘மேரேஜ் ஷெட்யூல்’ என்ற தாளைக் கொடுப்பார். அந்தத் தாள் கையில் இல்லாமல் போதகர் கல்யாணம் நடத்தினால் குற்றம். பூ, கேக், பேக்பைப் வாசிப்பவர் எல்லாம் வந்து சேர்ந்திருக்க, தாள் மட்டும் வீட்டு மேஜையில் கிடப்பது கேள்விப்படாத சங்கதி இல்லை. ஆகவே ஒத்திகை நாளிலேயே தாளை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்வார்கள். சடங்கு முடிந்ததும் மணமக்கள், பதினாறு வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள், போதகர் எல்லோரும் கையெழுத்திட்டு மூன்று நாளுக்குள் பதிவாளரிடம் சேர்க்க வேண்டும்.

வீடு சந்திப்பு கிராம ஊழியத்தின் முதுகெலும்பு. அதற்கும் நேரம் காலம் உண்டு. ஏப்ரலில் ஆடு ஈனும் நேரம். ராத்திரி பகல் தூங்காத வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டக் கூடாது. பால் கறக்கும் நேரத்தில் மாட்டுப்பண்ணைக்குப் போனால் பேச ஆள் இருக்காது. பண்ணைவீட்டு முன்கதவு பெரும்பாலும் திறப்பதே இல்லை. பின்பக்கம் அடுக்களை வழியாகப் போகிறவர்தான் ஊர்க்காரர். கார் டிக்கியில் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் கிளம்ப முடியாது. இந்தச் சந்திப்பில் பாதி மூப்பர்களுடையது. ஒவ்வொரு மூப்பருக்கும் பத்துப் பதினைந்து வீடு கொண்ட ஒரு வட்டம் உண்டு. அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்துக்கு முன்னால் அந்த வீடுகளுக்கு அட்டை கொண்டுபோய்க் கொடுப்பது அவர் கடமை. பழைய காலத்தில் அட்டைக்குப் பதிலாக ஈயத்தில் வார்த்த சின்ன வில்லை. கேள்வி கேட்டு, நடத்தை பார்த்துத் தகுதி என்று கண்டவருக்கே கொடுப்பார்கள். மேஜையில் அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் அப்பமும் ரசமும். இன்று அந்த வில்லைகள் அருங்காட்சியகத்தில் கிடக்கின்றன, அட்டையும் பல ஊர்களில் மறைந்து வருகிறது. அட்டை கொடுக்கப் போகும் சாக்கில் நடந்த விசாரிப்பும் அதோடு சேர்ந்து போனதுதான் நஷ்டம்.

முன்பெல்லாம் இந்தச் சந்திப்பின்போது 1647இன் சின்ன ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் நூலிலிருந்து கேள்வி கேட்பார்கள். மொத்தம் 107 கேள்வி. அடுக்களையில் வேலைக்காரப் பெண் முதல் வீட்டு எஜமான் வரை வரிசையாக நின்று பதில் சொல்ல வேண்டும். ஊரை இவ்வளவு நுணுக்கமாக அறிந்தவர்கள் வேறு யாரும் இல்லை என்பதால்தான் சர் ஜான் சின்கிளேர் 1790இல் நாட்டின் புள்ளிவிவரத்தைத் தொகுக்க நினைத்தபோது 900க்கும் மேற்பட்ட பங்குப் போதகர்களுக்கு 160க்கும் மேற்பட்ட கேள்விகளை அனுப்பினார். மண், மழை, கூலி, நோய், மீன், பேச்சுவழக்கு என்று அவர்கள் எழுதி அனுப்பியது 21 தொகுதிகளாக வந்தது. ரத்வெல் என்ற சிற்றூரில் போதகர் ஹென்றி டங்கன் 1810இல் சேமிப்பு வங்கி ஒன்றைத் தொடங்கினார். வழக்கமான வங்கிகள் 10 பவுண்டுக்குக் குறைந்து வாங்காத காலத்தில் இவர் ஆறு பென்ஸ் இருந்தாலும் வாங்கிக்கொண்டார். கூலிக்காரர் வீடுகளுக்குள் போய்வந்த ஒருவருக்குத்தான் அந்த எண் தோன்றும். 1843இல் அவரும் மான்ஸை விட்டு வெளியேறினார். கிராமப் போதகருக்கு ஓய்வு அதிகம் என்பதற்கு ராபர்ட் ஸ்டர்லிங்கை உதாரணம் காட்டுவார்கள்: 1816இல் தன் பெயரால் வழங்கும் வெப்ப எஞ்சினுக்குக் காப்புரிமை வாங்கியவர், பிறகு கால்ஸ்டனில் ஐம்பது வருஷத்துக்கும் மேல் போதகராக இருந்தவர். அதை மறுக்க மாட்டேன். அவருக்கு ஒரு பங்குதான் இருந்தது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைய நிலை அப்படி இல்லை. மக்கள்தொகைக் கணக்கில் தங்களைச் சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து என்று எழுதியவர்கள் 2011இல் 32 சதவீதம். 2022இல் 20 சதவீதம். போதகர்களும் குறைந்துவிட்டார்கள். ஆகவே இரண்டு, மூன்று, சில இடங்களில் அதற்கும் மேற்பட்ட பங்குகளுக்கு ஒரே போதகர். இதில் இரண்டு விதம் உண்டு. ‘ஒன்றிப்பு’ என்றால் சபைகள் கரைந்து ஒரே செஷன் ஆகிவிடும். ‘இணைப்பு’ என்றால் போதகர் மட்டும் பொது. செஷன், பொருளாளர், ஆண்டுக்கூட்டம் எல்லாம் தனித்தனி. ஊர்கள் இணைப்பைத்தான் விரும்பும், பெயரும் கணக்கும் தங்களிடமே இருக்கும் என்பதால். போதகருக்கு அது மூன்று மடங்கு கூட்டம், மூன்று பதிவேடு. ஞாயிறு பத்து மணிக்கு ஒரு கோயில். அதை முடித்துக்கொண்டு ஒற்றையடித் தார்ச்சாலையில் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிப் பதினொன்றரைக்கு அடுத்தது. முதல் ஊரில் கை குலுக்கி விசாரிக்க நின்றால் இரண்டாவது ஊர் காத்திருக்கும். நிற்காமல் ஓடினால் “ஐயாவுக்கு நம்மோடு பேசப் பிடிக்கவில்லை”. நவம்பரில் போர் நினைவு ஞாயிறு வரும்போது இது உச்சத்துக்குப் போகும். ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு நினைவுத்தூண், ஒவ்வொன்றிலும் சரியாகப் பதினொரு மணிக்கு மௌனம், ஒவ்வொன்றுக்கும் போதகர் வேண்டும். வருஷத்துக்கு ஒரு ஊர் என்று முறை வைத்து, மற்ற ஊர்களில் மூப்பரையோ பள்ளித் தலைமையாசிரியரையோ நடத்தவைப்பதுதான் நடைமுறையில் ஓடும் ஒரே வழி. கிறிஸ்துமஸ் முந்திய இரவிலும் இதே பாடு.

கட்டடம் இன்னொரு தலைவலி. கல்கோயில் சூடேற, முந்தின இரவே கொதிகலனைப் போட வேண்டும். முப்பது பேருக்காக ஒரு மணி நேரத்துக்கு அத்தனை எண்ணெய். கூரையில் வௌவால் குடியேறினால் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. அனுமதி இல்லாமல் ஓடு மாற்றக்கூட முடியாது. கோயிலை விற்கலாம் என்றால் தாத்தாவின் பெயர் பொறித்த ஜன்னல் இருக்கும் குடும்பம் ஒன்று எப்போதும் இருக்கும். வருஷத்தில் ஒரு நாள்கூட வராத குடும்பமாகவே அது இருக்கும்.

வடமேற்கே உள்ள லூயிஸ் தீவில், ஒன்றுசேராமல் தனியாகவே நின்ற ஃப்ரீ சர்ச்சின் போதகர் ஒருவரின் வாழ்க்கை இதிலிருந்து பல விதத்தில் வேறு. ஞாயிறு காலையும் மாலையும் ஆராதனை, முக்கால் மணி நேரத்தை நெருங்கும் பிரசங்கம். கேலிக் என்ற அவ்வட்டாரப் பழைய மொழியில் நடக்கும் ஆராதனையில், வாத்தியம் இல்லாமல் வேதாகமத்துச் சங்கீதப் பாடலை ஒருவர் வரி வரியாக எடுத்துக் கொடுக்க, சபை அலைபோல இழுத்துப் பாடும். 2010 வரை அந்தச் சபையின் ஆராதனையில் சங்கீதங்களைத் தவிர வேறு பாட்டுக்கோ வாத்தியத்துக்கோ இடமில்லை. அதன் பிறகு அந்தந்தச் சபை தீர்மானித்துக்கொள்ளலாம். திருவிருந்து அங்கே வியாழன் தொடங்கித் திங்கள் வரை நடக்கும் பருவம். வெள்ளிக்கிழமை ‘கேள்வி நாள்’: ஒரு மூப்பர் எழுந்து வேதத்திலிருந்து ஒரு வசனத்தைச் சொல்லி, உண்மையான விசுவாசிக்கு அடையாளம் என்ன என்று கேட்பார்; போதகரல்லாதவர்கள் எழுந்து அனுபவத்திலிருந்து பதில் சொல்வார்கள். ஓய்வுநாள் ஆசரிப்பும் கடுமை. ஸ்டார்னவே துறைமுகத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் படகு ஓடத் தொடங்கியதே 2009இல்தான். சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து பெண்களை 1966 முதல் மூப்பராகவும் 1968 முதல் போதகராகவும் ஏற்கிறது. ஃப்ரீ சர்ச் ஏற்பதில்லை.

கடைசியாக அந்தக் கல்வீட்டுக்கே திரும்பி வருகிறேன், பொறாமைக்குக் காரணம் அதுதானே. போதகர் ஓய்வுபெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். முப்பது வருஷம் வேலை செய்தும் சொந்தமாக ஒரு செங்கல் இருக்காது. அதனால் சபை ஓய்வுபெற்றவர்களுக்கு வீட்டுக் கடனும் வாடகை வீடும் தர ஒரு தனி நிதி வைத்திருக்கிறது. பதவியிலேயே இறந்தால் மனைவி பிள்ளைகள் வெளியேற வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தத் துயரத்தைப் பார்த்துத்தான் அலெக்சாண்டர் வெப்ஸ்டர், ராபர்ட் வாலஸ் என்ற இரண்டு எடின்பரோப் போதகர்கள், கணிதப் பேராசிரியர் காலின் மெக்லாரின் துணையோடு ஒரு விதவைகள் நிதிக்குக் கணக்குப் போட்டார்கள். எந்த நேரத்திலும் ஏறக்குறைய 930 போதகர்கள் உயிரோடிருப்பார்கள், வருஷத்துக்குச் சராசரி 27 பேர் இறப்பார்கள், அவர்களில் 18 பேருக்கு மனைவி இருப்பார் என்று பிரெஸ்பிட்டரிகளிடமிருந்து விவரம் வாங்கி, ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் எவ்வளவு கட்ட வேண்டும் என்று முடிவுசெய்தார்கள். 1744இல் அதற்குச் சட்டம் வந்தது. இறப்புக் கணக்கை வைத்துத் திட்டமிட்ட ஓய்வூதிய நிதிகளில் உலகத்திலேயே முந்தியவற்றுள் அது ஒன்று. ஓய்வுக்குப் பின் அதே ஊரில் வீடு பார்த்துக்கொள்வதும் வழக்கமில்லை. பழைய ஐயா பக்கத்துத் தெருவில் இருந்தால் ஊரார் சாவுக்கும் கல்யாணத்துக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், புதியவர் நிலைகொள்ள முடியாது. ஆகவே பெரும்பாலோர் ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன வீட்டில் போய்க் குடியேறுகிறார்கள்.